மத்தியான வெயிலை சாயங்காலத்துக்கு எடுத்து வைக்க முடியுமா?

சூரிய மின்சாரம் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, "மாடியில் போடலாமா, எவ்வளவு ஆகும்?" என்பதுதான். மீதியில் நிலம், பம்ப், ஈபி, சீனா, பேட்டரி என்று எல்லாம் இருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரும் தொழிலும் மட்டும் இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்: இந்தியாவில் சோலார் 100 ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். மொத்த மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்றும் செய்தி வருகிறது. அப்புறம் ஏன் அனல்மின் நிலையங்கள் இன்னும் புகை விட்டுக்கொண்டே இருக்கின்றன?

இரண்டு செய்தியும் உண்மை ஐயா. 2014 வாக்கில் நாடு முழுவதும் மூன்று ஜிகாவாட்கூட இல்லாத சோலார், 2025 ஜனவரியில் நூறைத் தாண்டியது. பாதி நிறுவுதிறன் என்ற இலக்கை 2030-க்கு வைத்திருந்தார்கள், அதை 2025-லேயே தொட்டுவிட்டார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் நிறுவுதிறன் என்பது கண்மாயின் கொள்ளளவு மாதிரி. உங்கள் பக்கம் எத்தனையோ பெரிய கண்மாய்கள் இருக்கின்றன, எல்லா வருடமும் நிறைகிறதா? வந்த தண்ணீர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. ஒரு மெகாவாட் (ஜிகாவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சோலார் நம் நாட்டில் வருடத்துக்கு 15-லிருந்து 20 லட்சம் யூனிட் தரும். அதே ஒரு மெகாவாட் அனல்மின் நிலையம் நன்றாக ஓடினால் 60 லட்சம் யூனிட் தரும், ஏனென்றால் அது ராத்திரியும் ஓடுகிறது, மழையிலும் ஓடுகிறது. அதனால்தான் நிறுவுதிறனில் பாதியை எட்டிய பிறகும் நாம் செலவழிக்கும் மின்சாரத்தில் நாலில் கிட்டத்தட்ட மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 2024-ல் சோலாரின் பங்கு பத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

விலை இப்போது பிரச்சினையே இல்லை. 2010-ல் தேசிய சூரிய மின் திட்டம் தொடங்கியபோது முதல் ஏலத்தில் யூனிட் சராசரி 12 ரூபாய் சொன்னார்கள். 2015-ல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி சோலார் நிலையத்துக்கு ஒப்புக்கொண்ட விலை 7 ரூபாய் 1 பைசா. 2017-ல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 3 ரூபாய் 30 பைசா, அதே வருடம் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 பைசா. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 பைசாவுக்கு இறங்கியது. புதிதாகக் கட்டும் எந்த அனல்மின் நிலையமும் இந்த விலைக்குப் பக்கத்தில் வர முடியாது.

2024 மே 30 அன்று நாட்டின் மின் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது, ஆனாலும் பெரிய தட்டுப்பாடு இல்லாமல் சமாளித்தார்கள். உச்சம் வந்தது பகலில் என்பதால் வெயில் கைகொடுத்தது. அதே கோடையில் ராத்திரி பத்து மணிக்கு ஏசி எல்லாம் ஓடும்போது கைகொடுக்க வெயில் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களையும் படியுங்கள்.

தையல் கடை நடத்துபவர், தென்காசி: மாடியில் சோலார் போட்டால் கரண்ட் போனாலும் மெஷின் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நல்ல வெயில் அடிக்கும்போது கரண்ட் போகிறது, சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

உங்கள் சோலார் பழுதாகவில்லை அம்மா. ஆனால் உங்களுக்குச் சொன்ன வார்த்தை தப்பு. நீங்கள் போட்டிருப்பது ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் வகை, ஆன்-கிரிட் என்பார்கள். லைனில் கரண்ட் போனால் அந்த இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் தானாக நின்றுவிட வேண்டும், அதுதான் விதி. காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. லைன்மேன் ஒருவர் கரண்ட்டை நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் போனால் என்ன ஆகும்?

கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை வேண்டும், அதற்குத் தனிச் செலவு. தையல் மெஷின், ஒரு ஃபேன், இரண்டு லைட் மட்டும் என்றால் சின்ன பேட்டரி போதும், மொத்தக் கடைக்கும் போட வேண்டாம். இப்போது இருக்கும் இன்வெர்ட்டரோடு அதைச் சேர்க்க முடியுமா என்பதை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கப் போகும் மற்றவர்களும் இந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு வந்த கடிதங்களில் ஒன்பது பேர் இதே புகாரை எழுதியிருக்கிறார்கள், படிக்கவே வருத்தமாக இருந்தது.

அரசு ஊழியர், திருச்சி: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிறது. 3 கிலோவாட் போடுங்கள், 78,000 ரூபாய் மானியம் என்கிறார்கள். போடலாமா?

போடலாம், ஆனால் 2 கிலோவாட் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட், உங்கள் தேவை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 தான் உச்சம், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ஏறாது. மூன்றாவது கிலோவாட்டுக்கு நீங்கள் கைக்காசு அதிகம் போடுகிறீர்கள், அதில் விளையும் மின்சாரத்தில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. ஏசி வாங்கப் போகிறீர்கள், மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு.

மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் செய்த செல் (வெளிச்சத்தை மின்சாரமாக்கும் சின்னத் தகடு) உள்ள பேனலாக இருக்க வேண்டும், திட்டத்தின் தளத்தில் பதிவு செய்த நிறுவனமாக இருக்க வேண்டும். இரண்டையும் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நிழல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் போட வந்தவர் மாலை நாலு மணிக்கு வந்து அளந்தார், தண்ணீர்த் தொட்டியின் நிழல் அப்போது வேறு பக்கம் இருந்தது. போட்ட பிறகுதான் தெரிந்தது, காலை எட்டிலிருந்து பத்தரை வரை அந்த நிழல் இரண்டு பேனல் மேல் விழுகிறது. ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும் பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே சோர்ந்துவிடும். கடைசியில் பேனல் நிற்கும் தாங்கியை இரண்டடி நகர்த்தினோம், அந்தச் செலவு என் தலையில்தான். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடி ஏறிப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். பக்கத்து மனையில் நாளைக்கு யாராவது மாடி எழுப்பினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவழிக்கிறவர்கள் பலர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2016-லிருந்து முதல் 100 யூனிட் இலவசம், உங்கள் பில் சில நூறு ரூபாய்தான் வரும். அதை மிச்சம் பிடிக்கக் கடன் வாங்கி சோலார் போட வேண்டாம். நான் சூரிய மின்சாரத்தை மனதார நம்புகிறவன், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் மாநிலத்தில் மாடி சோலார் குஜராத் அளவுக்குப் பரவாததற்கு இந்த இலவச யூனிட்டும் குறைந்த கட்டணமும் ஒரு பெரிய காரணம்.

தனியார் ஊழியர், சென்னை: மின்வாரியங்களுக்கு மாடி சோலார் பிடிக்காது என்கிறார்களே, ஏன்? எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள், மொட்டை மாடி பொது. அங்கே போட வழி உண்டா?

இரண்டாவது கேள்விக்கு முதலில். உண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வழி விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் குடியிருப்போர் சங்கங்களுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய மானியம் இருக்கிறது. மோட்டார் பகலில்தான் ஓடுகிறது என்பதால் நல்ல பொருத்தம். சங்கக் கூட்டத்தில் எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரிய வேலை.

முதல் கேள்விக்கு வருகிறேன். விநியோக நிறுவனங்களை வில்லனாகப் பார்க்க வேண்டாம், அவர்கள் பக்கம் உண்மையான கஷ்டம் இருக்கிறது. ஏழை வீட்டுக்கும் விவசாயத்துக்கும் கொடுக்கும் இலவச மின்சாரத்தின் சுமையில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது, ஒரு பகுதியை அதிகக் கட்டணம் கட்டும் பெரிய வீடுகளும் கடைகளும் ஆலைகளும் ஏற்கின்றன. சோலார் போட வசதி உள்ளவர்களும் அவர்களேதான். அவர்கள் விலகினால் ஈபியின் வருமானம் குறையும், கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ஆட்கள் செலவு மட்டும் அப்படியே நிற்கும். அதோடு மத்தியானம் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள், ராத்திரி விலை ஏறியிருக்கும்போது அதே யூனிட்டைத் திரும்பக் கேட்கிறீர்கள். நீங்கள் எடுத்ததிலிருந்து கொடுத்ததைக் கழிக்கும் நெட் மீட்டர் இரண்டையும் ஒரே விலையாகக் கணக்கு வைக்கிறது. ஒரே தெருவில் நிறையப் பேர் போட்டுவிட்டால் மத்தியானம் வோல்டேஜ் ஏறும் சிக்கலும் உண்டு.

ஆனால் இதற்காக மாடி சோலாரைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியாது. 2022-க்குள் 100 ஜிகாவாட் சோலார், அதில் 40 மாடிகளில் என்று நாடு இலக்கு வைத்தது. மாடியில் அதில் பாதிகூட அந்த வருடத்துக்குள் வரவில்லை. பாலைவனத்தில் பேனல் போட்டால் கம்பி இழுத்து ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுவர வேண்டும். ஒன்றரை வருடத்தில் சோலார் பூங்காவைக் கட்டிவிடலாம், உயரழுத்த லைன் போட அதைவிட அதிக காலம் ஆகிறது, அதனால் 2025-ல் ராஜஸ்தானில் நல்ல வெயிலில் உற்பத்தியை நிறுத்தி வைக்கச் சொன்ன நாட்கள் வந்தன. விளைந்த நெல்லைக் களத்திலேயே விடுவது மாதிரி. மாடியில் விளைவது அந்த வீட்டிலேயே, அந்தத் தெருவிலேயே செலவாகிவிடும். ஈபியின் நஷ்டத்தை அரசு கணக்குப் போட்டு ஈடு செய்யட்டும், நெட் மீட்டரைத் தாமதப்படுத்துவது அதற்கு வழியல்ல.

எட்டாம் வகுப்பு மாணவர், வேலூர்: எங்கள் ஊரில் மே மாதம் வெயில் கொளுத்துகிறது. அப்போதுதானே சோலாரில் கரண்ட் அதிகம் வரும்?

இல்லை தம்பி. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏற ஏற, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 0.3-லிருந்து 0.4 சதவீதம் குறையும். வேலூர் மே மாதத்தில் மாடியில் இருக்கும் பேனல் 60 டிகிரிக்கு மேல்கூடப் போகும், அப்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. வானம் தெளிவாக இருந்து, காற்று அவ்வளவு சுடாத பிப்ரவரி, மார்ச்சில் விளைச்சல் நன்றாக இருக்கும். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று போக இடைவெளி விடுவது இதற்காகத்தான்.

மானாவாரி விவசாயி, கமுதி அருகே: புரோக்கர்கள் வந்து சோலாருக்கு நிலம் கேட்கிறார்கள். ஏக்கருக்கு அவர்கள் சொல்லும் விலை எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. விற்றுவிடலாமா?

இந்தக் கடிதத்தைப் பல முறை படித்தேன். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது குறைவு, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே எல்லாம் நடந்திருக்கிறது. 2016-ல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் இருக்கும் சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்றார்கள். அதைக் கட்டும்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இருந்தது. கட்டி முடித்த பிறகு ஒரு சோலார் நிலையத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? காவலுக்குச் சிலர், பழுது பார்க்கச் சிலர். பேனல் துடைப்பதைக்கூட அங்கே இயந்திரங்கள் செய்கின்றன.

சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலம், மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை, அதற்கு ஒரு விலை வருகிறது என்றால் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் விற்றால் ஒரு முறை பணம். வீடு கட்டுவீர்கள், மகளுக்குக் கல்யாணம் செய்வீர்கள், ஐந்து வருடத்தில் பணம் தீர்ந்துவிடும், அந்த நிலத்தில் பேனல் மட்டும் இருபத்தைந்து வருடம் மின்சாரம் விற்றுக்கொண்டே இருக்கும்.

கர்நாடகத்தில் துமகூரு மாவட்டத்துப் பாவகடாவைப் பாருங்கள். உங்கள் பகுதி மாதிரியே வறண்ட பூமி, கடலைச் சாகுபடி பொய்த்துப் பொய்த்துச் சனங்கள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்த இடம். அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா வந்தது. நிலத்தை யாரிடமும் விலைக்கு வாங்கவில்லை. ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய் குத்தகை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் உயர்வு என்று எழுதினார்கள். நிலம் இன்னும் விவசாயி பெயரில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து நாட்டில் இதுவரை செய்ததில் இது நல்ல ஏற்பாடு. 21,000 போதுமா என்பது வேறு விஷயம், இன்றைக்குப் பேசுகிறவர்கள் அதைவிடக் கூடுதலாகவே கேட்க வேண்டும்.

அங்கேயும் ஒரு குறை இருந்தது. குத்தகை நிலம் உள்ளவனுக்குத்தான். அந்த நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவளுக்கும், அறுப்பு முடிந்த காட்டில் ஆடு மேய்த்தவனுக்கும் எதுவும் கிடைக்கவில்லை, வேலி போட்ட அன்றோடு அவர்கள் பிழைப்பு போனது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் இதுவே பெரிய சண்டையாகியிருக்கிறது. நம் ஊர்க் கோயில்காடு மாதிரி அங்கே 'ஓரண்' என்று சாமிக்கு விட்ட மேய்ச்சல் நிலங்கள் உண்டு, பலவும் அரசுப் பதிவேட்டில் தரிசு என்றுதான் இருக்கின்றன. சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு அவற்றைக் கொடுத்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் பறப்பதும் அந்தக் காடுகளில்தான், உயரழுத்தக் கம்பியில் மோதிச் சாகிறது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிகளில் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது, செலவும் நடைமுறையும் கட்டிவராது என்று அரசு சொன்னதால் 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது.

நிலக்கரிச் சுரங்கம் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் இது சின்னது என்று சிலர் எழுதுவார்கள். இருக்கலாம். ஆனால் மேய்ச்சல் இழந்தவனுக்கு அந்த ஒப்பீட்டால் ஒரு பயனும் இல்லை.

அதனால் ஐயா, விற்காதீர்கள், குத்தகை கேளுங்கள். தனியாகப் பேசாதீர்கள், பக்கத்து நிலக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பேசுங்கள். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், அவர்களுக்குத் துண்டு துண்டாக நிலம் உதவாது, அது உங்கள் பலம். காலம் முடிந்ததும் பேனலையும் கான்கிரீட் அடித்தளத்தையும் எடுத்துவிட்டு நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பத்திரத்தில் எழுதுங்கள். ஆடு மேய விட முடியுமா என்றும் கேளுங்கள், பேனலைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டால் கீழே புல் வளரும், ஆடு மேய்ந்தால் அவர்களுக்கும் புல் வெட்டும் செலவு மிச்சம். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் பேனல் வரிசைகளுக்கு நடுவே பாசிப்பயறு போன்ற குட்டைப் பயிர்களை வளர்த்துக் காட்டியிருக்கிறது. அப்புறம், கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

விவசாயி, தர்மபுரி: சோலார் பம்புக்கு விண்ணப்பிக்கலாமா? ஏற்கனவே இலவச மின்சாரத்துக்குப் பதிந்து காத்திருக்கிறேன்.

2019-ல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் தருகின்றன. நம் மாநிலத்தில் வேளாண் பொறியியல் துறையில் கேட்க வேண்டும். இலவச மின் இணைப்புக்கான உங்கள் வரிசை என்ன ஆகும் என்பதை விண்ணப்பிக்கும் முன் அங்கேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் தண்ணீர் பாய்ச்சலாம் என்பது பெரிய நிம்மதி. மும்முனை மின்சாரம் ராத்திரி வருகிறதென்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்கு அது தெரியும்.

என் கவலை உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீர். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத கதைகள் உங்கள் பக்கம் எத்தனை! வெயில் இருக்கும்வரை செலவே இல்லாமல் ஓடும் பம்ப் இருந்தால், தேவை இல்லாத நாளிலும் ஓடும். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2016-ல் சில விவசாயிகள் சேர்ந்து சூரிய மின் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள், பம்புக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை லைனுக்கு விற்கிறார்கள். மின்சாரம் காசாகும் என்று தெரிந்தால் தண்ணீரை வீணாக இறைக்க யாருக்கும் மனம் வராது. குசும் திட்டத்திலேயே லைனோடு இணைந்த பம்புகளுக்கும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வகை பரவ வேண்டும் என்பது என் ஆசை.

ஐடிஐ மாணவர், திருநெல்வேலி: பேனல் எல்லாம் சீனாவிலிருந்துதான் வருகிறது என்றால் நமக்கு இதில் என்ன வேலை கிடைக்கும்?

பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் உலகின் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்டானில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் செல், பேனல் ஆலை ஓடுகிறது, அங்கே நிறையப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் 2024-ல் 3.3 ஜிகாவாட் ஆலையைத் திறந்தது. இறக்குமதிப் பேனலுக்கு 2022 ஏப்ரலில் 40 சதவீதம், செல்லுக்கு 25 சதவீதம் சுங்கவரி போட்டதும் மத்திய அரசின் ஊக்கத்தொகையும் இதற்குக் காரணம். நாம் இன்னும் பின்தங்கியிருப்பது செல்லுக்கு முந்தைய கட்டத்தில். சிலிக்கானை உருக்கிச் சுத்தம் செய்து மெல்லிய தகடாக அறுக்கும் வேலை பெரும்பாலும் சீனாவில்தான்.

ஆலைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. மாடியில் தாங்கி அமைப்பது, எர்த்திங், இன்வெர்ட்டர் பழுது இதற்கெல்லாம் ஒழுங்காகக் கற்றவர்கள் குறைவு, தென்காசி அம்மாவின் கடிதத்தைப் படித்தாலே தெரியும். எலக்ட்ரீஷியன் பிரிவு என்றால் இதைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் கட்டாமல் ஏறச் சொல்லும் எந்த முதலாளியிடமும் வேலைக்குப் போகாதீர்கள்.

குடும்பத் தலைவி, கும்பகோணம்: இருபத்தைந்து வருடம் கழித்து இந்தக் கண்ணாடிப் பலகைகளை எங்கே போடுவது?

2022-ல் வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்திருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் கழிவைச் சேர்த்து 2034-35 வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. அதற்குள் பிரித்தெடுக்கும் ஆலைகள் வர வேண்டும். கண்ணாடி, அலுமினியம், கொஞ்சம் வெள்ளி எல்லாம் அதில் இருக்கிறது. உடைந்த பேனலைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பொறியியல் மாணவி, கோவை: சூரிய மின்சாரத்தைச் சேமிக்க முடிந்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமா? நம் நாட்டில் அதற்கு என்ன செய்கிறார்கள்?

எல்லாம் தீராது, பெரும்பகுதி தீரும். உங்கள் மாவட்டத்திலேயே ஒரு பதில் முப்பது வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை. மலைக்குள் குடைந்த நிலத்தடி நிலையம், 100 மெகாவாட் இயந்திரம் நாலு. மின்சாரம் மிஞ்சும்போது கீழே மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள், தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். 1980-களில் அதை அமைத்தபோது மின்சாரம் மிஞ்சிய நேரம் நள்ளிரவு, இனி மிஞ்சப் போகும் நேரம் நண்பகல். அதே இயந்திரம், நேரம் மட்டும்தான் மாறுகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டிவருகிறார்கள். ஏற்ற இறக்கத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரம் வீணாகும், மலையில் இடமும் குறைவு, காட்டைத் தொட வேண்டியிருக்கும். ஆனால் பல பத்தாண்டு உழைக்கும்.

பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது. சூரியக் கோயிலுக்குப் பேர்போன குஜராத்தின் மோதேரா 2022-ல் இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் ஓடும் கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. 6 மெகாவாட் நிலையமும் 15 மெகாவாட்-மணி (15,000 யூனிட் பிடிக்கும்) பேட்டரியும் அங்கே இருக்கின்றன. ஒரு கிராமத்துக்குச் சரி, ஒரு நாட்டுக்கு எத்தனை மடங்கு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், நல்ல பயிற்சி.

தமிழ்நாட்டுக்குக் கூடுதலாக ஒரு கொடுப்பினை இருக்கிறது. மேகம் மூடி சோலார் குறையும் தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று அடித்துத் தள்ளும், மே முதல் செப்டம்பர் வரை, ராத்திரியிலும். ஒரே கம்பியில் இரண்டையும் ஓட்டினால் கம்பிக்கான செலவும் மிச்சம்.

இன்னொரு வழி, தேவையையே பகலுக்கு நகர்த்துவது. 2023-ல் மத்திய அரசு மாற்றிய நுகர்வோர் விதிகள், வெயில் நேரத்தில் கட்டணம் 10-லிருந்து 20 சதவீதம் குறைவாகவும் உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஸ்மார்ட் மீட்டர் வீட்டுக்கு வந்த பிறகுதான் இது நமக்கு நடைமுறைக்கு வரும், ஆனால் பழக்கத்தை மாற்ற மீட்டர் வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சோலார் போட்ட பிறகு மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் மூன்றையும் காலை பத்தரைக்கு மேல்தான் போடுகிறோம். என் மனைவி முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மாவு ஆட்டுவார், இப்போது மூன்று மணிக்குள் முடித்துவிடுகிறார், கோடையில் மட்டும் சீக்கிரம் புளித்துவிடுகிறது என்று உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார். மாடித் தொட்டி பன்னிரண்டு மணிக்கே நிறைந்துவிடுகிறது. ராத்திரி குழாயைத் திறக்கும்போது வருவது காடம்பாறை செய்கிற வேலைதான், மத்தியான வெயிலில் மேலே ஏற்றி வைத்த தண்ணீர்.